தெர்மோகோல் பூச்சுக்குள் ஓதம்: ஒப்பந்ததாரரிடம் பணத்தைத் திரும்பக் கேட்க முடியுமா?

கேள்வி: திருவாரூர் அருகே ஒரு கிராமத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற செவிலியர் நான். மேற்கு வெயில் வீட்டைச் சுட்டெரிக்கிறது என்று, 2024 ஆகஸ்டில் நான்கு புறமும் வெளிச்சுவரில் தெர்மோகோல் பலகை ஒட்டி, மேலே கண்ணாடி இழை வலையும் வண்ணப் பூச்சும் போட்டேன். செலவு 4,60,000 ரூபாய். “பத்து வருடத்துக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்காது” என்று ஒப்பந்ததாரர் ரசீதின் பின்பக்கம் எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறார். அந்த டிசம்பரிலேயே வடக்குப் படுக்கையறை ஜன்னலுக்குக் கீழே சுவர் உப்பியது. இந்த மழையில் உள்பூச்சு பொரிந்து கொட்டுகிறது. தரையோரம் கரையான் வேறு. “மழை மீறிப் பெய்தது, தெய்வச் செயல்” என்கிறார் ஒப்பந்ததாரர். “ஒட்டியது எங்கள் ஆள் இல்லை” என்கிறது பலகை நிறுவனம். எல்லாவற்றையும் பெயர்த்துவிட்டு ஈரம் தாங்கும் புதிய வகை போடலாம் என்று இன்னொருவர் வந்து நிற்கிறார். வழக்குப் போடலாமா? புதிதாக எதைத் தேர்ந்தெடுப்பது?

பதில்: அன்புள்ள அம்மா, வந்து நிற்பவரை இப்போதைக்குச் சுவரில் கை வைக்க விடாதீர்கள். உங்கள் சாட்சி அந்தச் சுவர்தான். பலகையும் பூச்சும் குப்பை வண்டியில் ஏறிவிட்டால், பிறகு என்ன சொன்னாலும் அது உங்கள் வாய்வார்த்தையாகவே நிற்கும்.

சுவர் ஏன் உப்பியது என்பது தெரிந்தால்தான் யாரிடம் எதைக் கேட்பது என்பது தெரியும். நம் ஊர்ச் சிமெண்ட் பூச்சு மழையில் நனையும், வெயிலில் காயும். இந்த வண்ணப் பூச்சு அப்படியல்ல. மேலே தண்ணீரைத் தடுக்கிறது, உள்ளே புகுந்த தண்ணீரையும் எளிதில் வெளியே விடுவதில்லை. ஜன்னல் சட்டத்தின் ஓரத்திலோ சன்ஷேடு சுவரோடு சேரும் இடத்திலோ ஒரு மயிரிழை வெடிப்பு போதும். பலகைக்குப் பின்னால் இறங்கிய ஈரத்துக்கு வெளியே வழியில்லாதபோது அது செங்கல் வழியாக உங்கள் அறைக்குள் வருகிறது. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், வில்மிங்டன் என்ற கடற்கரை ஊரில், 1990களில் இதே வகைப் பூச்சுள்ள வீடுகளின் மரச்சுவர்கள் உள்ளுக்குள் அழுகி, பெரிய வழக்குகள் நடந்தன. அதன்பிறகே தண்ணீர் வடிய இடைவெளி விடும் முறை அங்கே பரவியது. நம் சுவர் செங்கல் என்பதால் அழுகாது; ஓதமும் உப்பும் ஏறும்.

நாகப்பட்டினம் பக்கம் ஒரு வீட்டு வழக்கில், சுவரைப் பார்வையிட்டு அறிக்கை தர நியமிக்கப்பட்ட வழக்கறிஞர் ஆணையரோடு நானும் போயிருந்தேன். உடன் வந்த பொறியாளர் ஒரு தென்னை ஈர்க்கை ஒடித்து, சுவரின் அடியில் பலகை முடியும் இடத்தில் செருக முயன்றார். வடிகால் இருந்தால் ஈர்க்கு உள்ளே போக வேண்டும். அங்கே பலகை நேராக மண்ணுக்குள் புதைந்திருந்தது. பிறகு ஒரு சாண் சதுரத்துக்குப் பலகையை அறுத்து எடுத்தார். பின்னால் பசை அடைகளாக அப்பிக் கிடந்தது. ஒவ்வொரு அடையின் தலையிலும் தண்ணீர் தேங்கிய கறை. பல் வைத்த கரணையால் பசையை மேலிருந்து கீழாகக் கோடு கோடாக இழுத்திருந்தால், கோடுகளுக்கு நடுவே தண்ணீர் இறங்கிப் போயிருக்கும். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதன்பின் மழையைப் பற்றிப் பேசவில்லை. உங்கள் வீட்டில் தரையோரம் கரையான் என்று படித்ததுமே அந்தச் சுவர்தான் நினைவுக்கு வந்தது. மண்ணைத் தொடும் தெர்மோகோலுக்குள் கரையான் யார் கண்ணிலும் படாமல் மேலே ஏறும்.

இனி சட்டம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 2(42), சேவை என்பதில் வீடு கட்டும் பணியையும் சேர்க்கிறது. ஆகவே உங்கள் ஒப்பந்ததாரர் சேவை அளித்தவர். வேலையில் உள்ள கோளாறு சேவைக் குறைபாடு. ரசீதின் பின்னால் அவர் எழுதியது வெறும் பேச்சல்ல, அவரைக் கட்டுப்படுத்தும் உறுதிமொழி. அந்தத் தாளைப் பத்திரமாக வையுங்கள். தெய்வச் செயல் என்ற வாதம் நிற்காது. ஐப்பசியில் அடைமழை, கார்த்திகையில் கனமழை என்று சொல்லி வளர்ந்த ஊரில், வெளிச்சுவருக்குப் பூச்சு விற்பவர் வடகிழக்குப் பருவமழையை எதிர்பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. உங்கள் பகுதியின் மழை அளவுப் பதிவை வானிலை ஆய்வு மையத்திடம் கேட்டு வாங்கி இணையுங்கள்.

பலகை நிறுவனத்தையும் எதிர்மனுதாரராகச் சேருங்கள். ஆனால் பாரம் முழுவதையும் அதன் மேல் ஏற்ற வேண்டாம். அதே சட்டத்தில் பொருள் பொறுப்பு, அதாவது கோளாறான பொருளால் நேர்ந்த கேட்டுக்குத் தயாரித்தவர் ஈடு தருவது பற்றிய அத்தியாயம், பொருளுக்கே நேர்ந்த சேதத்தையும், உத்தரவாத மீறலால் சொத்துக்கு நேர்ந்த சேதத்தையும் தன் கணக்கில் சேர்ப்பதில்லை. அந்த நிறுவனத்திடமிருந்து உங்களுக்கு அவசியமாக வேண்டியது, பலகையை எப்படிப் பொருத்த வேண்டும் என்று அது அச்சிட்டிருக்கும் கையேடு. ஒப்பந்ததாரர் அதிலிருந்து விலகியிருந்தால் நிறுவனத்தின் தாளே அவருக்கு எதிரான சான்று. கையேட்டில் வடிகால் பற்றி ஒரு வரிகூட இல்லையென்றால், அப்போது நிறுவனமும் பதில் சொல்லட்டும்.

முதலில் ஸ்பீடு போஸ்டில், பதிவு வசதியும் ஒப்படைத்ததற்கான சான்றும் கேட்டு அறிவிப்பு அனுப்புங்கள். பதினைந்து நாளுக்குள் வந்து கூட்டாகப் பார்வையிடும்படி இருவரையும் அழையுங்கள். இந்த அறிவிப்பு கட்டாயமில்லை. ஆனால் வராதவர் வரவில்லை என்பதே பிறகு உங்களுக்கு உதவும். “மேலே இன்னொரு கோட்டிங் அடித்துத் தருகிறேன்” என்று ஒப்பந்ததாரர் வந்தால், பார்வையிடல் முடியும்வரை வேண்டாம் என்று எழுத்தில் சொல்லுங்கள். எதிலாவது கையெழுத்திட நேர்ந்தால், “என் உரிமைகளுக்குக் குந்தகமின்றி” என்ற சொற்களை உங்கள் கையாலேயே சேருங்கள். அதற்காகச் சுவரை நனைய விட்டுவிடவும் கூடாது. இழப்பைக் குறைக்க உங்களால் முடிந்ததைச் செய்தீர்களா என்று ஒப்பந்தச் சட்டத்தின் 73ஆம் பிரிவின்படி கேட்பார்கள். உப்பிய இடத்தின் மேல் தார்ப்பாய் கட்டி, கட்டிய நாளில் படம் எடுத்து வையுங்கள். கைபேசிப் படங்கள் இருக்கும் கருவியை அழிக்கவோ விற்கவோ வேண்டாம். மின்னணுப் பதிவுகளுக்கென 2023ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவு கேட்கும் சான்றிதழோடு அவற்றைத் தாக்கல் செய்யலாம்.

காலவரையறையில்தான் பலர் ஏமாந்து போகிறார்கள். புகாருக்கு இரண்டு ஆண்டுகள் உண்டு. உப்பலைக் கண்ட 2024 டிசம்பரிலிருந்து அதை எண்ண வேண்டும் என்று நாம் வாதிடலாம்; வேலை முடிந்த ஆகஸ்டிலிருந்து என்று அவர் வாதிடுவார். அந்தச் சண்டையே வேண்டாம். 2026 ஜூலைக்குள் தாக்கல் செய்துவிடுங்கள். இடையில் அவர் வந்து பார்த்ததும், “செய்து தருகிறேன்” என்று இழுத்ததும் காலத்தை நீட்டித்துத் தராது.

நீங்கள் வசிக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம் என்பதால் திருவாரூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கே போங்கள். தகராறு வந்தால் சென்னை நடுவர் மன்றத்துக்கே போக வேண்டும் என்று ஒப்பந்தத்தில் அச்சிட்டிருந்தாலும் அது உங்களைத் தடுக்காது. கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் இருப்பதால் கட்டணமும் இல்லை. வக்கீல் வைக்காமல் நீங்களே நின்று பேசலாம். செவிலியராக நாள்தோறும் குறிப்பேடு எழுதிப் பழகிய உங்களுக்கு அது கடினமாக இராது. புகாரோடு, பொறியாளர் உதவியுடன் ஆணையர் ஒருவரை நியமிக்கும்படி தனி மனுவும் போடுங்கள். கொடுத்த பணம், பெயர்த்தெடுக்கும் செலவு, உள்பூச்சுச் சேதம், மன உளைச்சல் நான்கையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

புதிய பூச்சு பற்றி ஒரு வார்த்தை. நான் பொறியாளர் அல்லன். ஆனால் இந்தச் சுவர்கள் நீதிமன்றத்துக்கு எந்த வழியாக வருகின்றன என்று பார்த்திருக்கிறேன். உங்கள் தொல்லை மேற்கு வெயில். மழைச் சாரல் அறைவது வடக்கிலும் கிழக்கிலும். அந்த இரண்டு சுவர்களுக்கும் பலகை எதற்கு? அங்கே சாதாரணப் பூச்சே போதும். மேற்கே பலகை வேண்டுமென்றால் வடிகால் உள்ள முறையை மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள். செங்கல் மேல் முதலில் நீர்த்தடுப்புப் பூச்சு, பசை செங்குத்துக் கோடுகளாக, பலகை தரைக்கு எட்டு அங்குலம் மேலேயே முடிந்து அடியில் வடிதுளை, ஜன்னல் தலைக்கு மேல் தண்ணீரை வெளியே தள்ளும் தகடு என்று ஒவ்வொன்றையும் ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். ‘வாட்டர் புரூஃப்’ என்ற ஒற்றைச் சொல்லை நம்பிக் கையெழுத்திட வேண்டாம். ஒவ்வொரு அடுக்கையும் மூடும் முன் படம் எடுக்க உங்களுக்கு உரிமை உண்டு என்றும், தொகையில் பத்தில் ஒரு பங்கு ஒரு வடகிழக்குப் பருவமழை கடந்த பிறகே தரப்படும் என்றும் சேருங்கள். இதற்கு ஒப்பாதவரை அனுப்பிவிடுங்கள்.

ஆணையரின் பார்வையிடல் முடிந்ததும் பழைய பலகையைப் பெயர்த்து, ஒரு துண்டை மட்டும் மூட்டை கட்டி வைத்துக்கொண்டு, சுவரை வெயிலில் நன்றாகக் காயவிடுங்கள். ஈரச் செங்கல் மேல் எந்தப் பூச்சும் வேண்டாம். புதிய வேலையை ஆவணிக்குள் முடித்துவிட்டால் ஐப்பசி மழைக்கு அஞ்ச வேண்டியிராது.