மூன்று மாத சுகர் டெஸ்ட்: லேப்காரரிடம் கேட்டவை

கேள்வி: சார், ஹெச்பிஏ1சி டெஸ்டுக்கு வெறும் வயிற்றோடு வர வேண்டுமா? மூன்று நாள் இனிப்பைத் தொடாமல் இருந்தால் குறைத்துக் காட்டுமா?

பதில்: இட்லி சாப்பிட்டே வரலாம். மூன்று நாள் பத்தியம் இங்கே செல்லாது. ரத்தச் சிவப்பணுவின் ஆயுள் ஏறக்குறைய 120 நாள். அதன் ஹீமோகுளோபினில் ஒட்டிய சர்க்கரை, அணு சாகும்வரை விடாது. எத்தனை சதவீதம் ஒட்டியிருக்கிறது என்பதைத்தான் அளக்கிறோம். அதில் கடைசி ஒரு மாதத்தின் பங்கே பாதிக்குப் பக்கம் வரும்.

கேள்வி: அப்பாவுக்கு 6.1 வந்திருக்கிறது. சுகர்தானா?

பதில்: இன்னும் இல்லை. 5.7க்குக் கீழே நார்மல், 6.4 வரை ப்ரீடயாபடீஸ், அதாவது சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை, 6.5 முதல் சர்க்கரை நோய். அறிகுறி இல்லாதவருக்கு ஒரே ஒரு ரிப்போர்ட்டை வைத்து முடிவு கட்டமாட்டார்கள், இன்னொரு டெஸ்டும் ஒத்துப்போக வேண்டும்.

கேள்வி: எனக்கு 34 வயது. ஏ1சி 6.6. ஆனால் ஃபாஸ்டிங் 92, சாப்பிட்ட பின் 128. எதை நம்புவது? மாதவிடாயில் ரத்தம் அதிகம் போகும், அதுவும் சொல்லிவிடுகிறேன்.

பதில்: நல்லவேளை, அதைச் சொன்னீர்கள். ஹீமோகுளோபின் எவ்வளவு என்று பார்த்தீர்களா? இரும்புச்சத்து குறைந்தால் புது அணுக்கள் வருவது மந்தமாகி, பழைய அணுக்களின் பங்கு கூடிவிடும். அவற்றில் சர்க்கரை அதிக நாள் ஒட்டியிருப்பதால், சுகர் ஏறாமலேயே ஏ1சி ஏறும். சமீபத்தில் ரத்தம் ஏற்றியவர்களுக்கும், சிவப்பணு சீக்கிரம் அழிபவர்களுக்கும் பெரும்பாலும் தலைகீழ்: சுகர் இருந்தும் எண் குறைவாக வந்து ஏமாற்றும். ஊதா மூடிக் குழாயில் எடுக்கும் அதே ரத்தத்தில் சிபிசியும் (ஹீமோகுளோபினையும் ரத்த அணுக்களையும் அளக்கும் டெஸ்ட்) பார்த்துவிடலாம், இன்னொரு முறை குத்த வேண்டியதில்லை. இதை யாரும் கேட்பதில்லை என்பதுதான் என் ஆதங்கம். இரும்புச்சத்தைச் சரிசெய்த பிறகு திரும்பப் பாருங்கள். அதுவரை ஃபாஸ்டிங்கும் சாப்பாட்டுக்குப் பின் அளவும்தான் உங்களுக்குத் துணை.

கேள்வி: ஆறு மாதக் கர்ப்பம். ஏ1சி போதாதா, குளுக்கோஸ் தண்ணீர் குடித்தே ஆக வேண்டுமா?

பதில்: குடித்துத்தான் ஆக வேண்டும். 75 கிராம், இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்போம். மெதுவாக, ஐந்து பத்து நிமிடத்தில் குடியுங்கள். அரை மணிக்குள் வாந்தி வந்துவிட்டால் மறைக்காமல் சொல்லுங்கள், இன்னொரு நாள் எடுக்கலாம்.

கேள்வி: வீட்டு மீட்டரில் தினமும் 120தான். லேபில் ஏ1சி 8 என்கிறார்கள். மெஷின் கோளாறா?

பதில்: ஏ1சி 8 என்றால் சராசரி சுகர் 183. நீங்கள் குத்திப் பார்ப்பது எப்போது, விடிகாலையிலா? அப்படியென்றால் மதியச் சோறும் ராத்திரி பரோட்டாவும் மீட்டருக்குத் தெரியாது. ஒரு வாரம் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்து, அந்தக் குறிப்போடு டாக்டரிடம் போங்கள்.