லண்டன் டிக்கெட்: தூரத்தைப் பார்ப்பதா, நேரத்தைப் பார்ப்பதா?

கேள்வி: மகளின் பிரசவத்துக்காக ஜூனில் நானும் கணவரும் சென்னையிலிருந்து லண்டன் போகிறோம். இருவருக்கும் அறுபது தாண்டிவிட்டது. நேரடி விமானம் காலை 5.30-க்குக் கிளம்பி மதியம் 12 மணிக்குச் சேரும் என்று போட்டிருக்கிறது. ஆறரை மணி நேரம்தானா? துபாய் வழியாகப் போனால் ஆளுக்குப் பதினைந்தாயிரம் குறைகிறது. ஆனால் சுற்றுவழி ஆயிற்றே, எதை வாங்கலாம்?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: ஆறரை அல்ல, பதினொரு மணி நேரம். டிக்கெட்டில் கிளம்பும் நேரம் நம் ஊர்க் கணக்கு, சேரும் நேரம் லண்டன் கணக்கு. ஜூனில் லண்டன் நம்மைவிட நாலரை மணி நேரம் பின்தங்கியிருக்கும், குளிர்காலத்தில் ஐந்தரை. திரும்பி வரும்போது சுமார் ஒரு மணி நேரம் குறையும். உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் பலத்த காற்று போகும்போது எதிர்க்காற்று, வரும்போது பின்காற்று.

சுற்றுவழி பற்றிய பயம் வேண்டாம். சென்னை–லண்டன் நேர்க்கோட்டுத் தூரம் சுமார் 8,200 கி.மீ. சென்னை–துபாய் சுமார் 2,900, துபாய்–லண்டன் சுமார் 5,500. கூட்டிப் பாருங்கள், 200 கி.மீ. சொச்சம்தான் அதிகம். துபாய் கிட்டத்தட்ட வழியிலேயே இருக்கிறது. பறக்கும் நேரமும் நாலேகால், ஏழரை என்று பன்னிரண்டு மணிக்குள் முடிந்துவிடும்.

நேரத்தைத் தின்பது துபாயில் காத்திருப்பதுதான். அது இரண்டரையிலிருந்து நான்கு மணி நேரத்துக்குள் இருந்தால் தாராளமாக வாங்குங்கள். இருவருக்கும் சேர்த்து முப்பதாயிரம் மிச்சம். நடுவில் எழுந்து நடந்தால் கால் வீக்கமும் குறையும். ஒன்பது, பத்து மணி நேரம் நாற்காலியில் உட்கார வைக்கும் டிக்கெட் எவ்வளவு மலிவாக இருந்தாலும் உங்கள் வயதுக்கு வேண்டாம்.

ஒன்றை மட்டும் கட்டாயம் பாருங்கள்: இரண்டு விமானமும் ஒரே பி.என்.ஆர். எண்ணில் இருக்க வேண்டும். சில புக்கிங் தளங்கள் இரண்டு தனி டிக்கெட்டுகளை ஒட்டிவைத்து ஒரே பயணம் போலக் காட்டும். அப்படி வாங்கினால் துபாயில் இமிக்ரேஷன் தாண்டி, பெட்டியை எடுத்து, மறுபடி செக்-இன் செய்ய வேண்டி வரலாம். அந்த நாட்டு விசா விதியும் குறுக்கே வரும். முதல் விமானம் தாமதமாகி அடுத்தது போய்விட்டால் புது டிக்கெட் உங்கள் செலவு. ஒரே பி.என்.ஆர். என்றால் அடுத்த விமானத்தில் ஏற்றி அனுப்புவது நிறுவனத்தின் பொறுப்பு. பெட்டியில் ஒட்டும் சீட்டில் லண்டன் ஹீத்ரோவுக்கான எல்.எச்.ஆர். என்ற எழுத்துகள் இருக்கின்றனவா என்று சென்னை கவுன்ட்டரிலேயே பாருங்கள். வீல்சேர் வேண்டுமென்றால் டிக்கெட் போடும்போதே சொல்லிவிடுங்கள்.

தூரம் உங்களுக்கு உதவும் இடம் ஒன்று உண்டு. பிரிட்டன் சட்டப்படி, அங்கிருந்து கிளம்பும் விமானம் எந்த நிறுவனத்துடையதானாலும் தாமதத்துக்கு இழப்பீடு உண்டு. தொகை தூரத்தைப் பொறுத்தது. 3,500 கி.மீ.க்கு மேல் என்றால், நாலு மணி நேரத்துக்கு மேல் தாமதமாக வந்து சேர்ந்தால் ஆளுக்கு 520 பவுண்டு; மூன்றிலிருந்து நாலு மணி என்றால் 260. புயல் போல நிறுவனத்தின் கையில் இல்லாத காரணங்களுக்குக் கிடைக்காது. கேட்டால்தான் தருவார்கள் என்பதால், தஞ்சாவூர் வந்து சேர்ந்த பிறகும் போர்டிங் பாஸைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.