பிரேக் ஆயில் குறைகிறது, தரையில் ஒரு சொட்டும் இல்லை: கேள்வி பதில்

கேள்வி: சார், மேக்ஸ் கோட்டில் இருந்த பிரேக் ஆயில் ஒரு வருடத்தில் பாதிக்கு இறங்கிவிட்டது. வண்டிக்கு அடியில் ஈரமே இல்லை. லீக்தானா?

முதலில் பேடை, அதாவது டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பிரேக் கட்டையைப் பாருங்கள். பேட் தேயத் தேய, அதைத் தள்ளும் காலிப்பர் பிஸ்டன் வெளியே நகரும். அந்த இடத்தை நிரப்ப மேலே பிரேக் ஆயில் டப்பாவிலிருந்து ஆயில் இறங்கும். மாதக்கணக்கில் மெதுவாக இறங்கினால் அது தேய்மானம். இந்த நிலையில் மேக்ஸ் வரை ஊற்றி வைக்காதீர்கள். புது பேட் போடும்போது பிஸ்டனைப் பின்னால் தள்ளுவார்கள், ஆயில் மேலே வழிந்து பெயிண்டை உரித்துவிடும். பேட் புதிதாக இருந்தும் இறங்கினால், சில வாரங்களிலேயே மினிமம் கோட்டைத் தொட்டால், லீக்தான். பிரேக் ஆயில் தானாக ஆவியாகிக் குறையாது.

கேள்வி: அண்ணா, புது பேட் போட்டாயிற்று. மெக்கானிக் நான்கு சக்கரத்தையும் கழற்றிப் பார்த்தார், எல்லாம் காய்ந்து கிடக்கிறது. ஆனாலும் குறைகிறது. எங்கேதான் போகிறது?

என் முதல் சந்தேகம் பூஸ்டர் மேல், அதாவது வேக்குவத்தால் உங்கள் மிதிக்குப் பலம் கூட்டும் பாகத்தின் மேல். மிதித்தால் ஆயிலை அழுத்தி அனுப்பும் மாஸ்டர் சிலிண்டரின் பின்பக்க சீல் போய்விட்டால் ஆயில் தரையில் சொட்டாது. பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் பூஸ்டருக்குள் வடியும். அது உள்ளே வெற்றிடமாக இருக்கும் பெரிய டப்பா, கணிசமான ஆயில் தேங்கினாலும் வெளியே காட்டிக்கொடுக்காது. பெட்ரோல் வண்டி என்றால் எஞ்சின் வேக்குவம் ஓஸ் வழியாக அந்த ஆயிலையும் சேர்த்து உறிஞ்சி எரித்துவிடலாம். சைலன்சரில் வெள்ளைப் புகை வரும், பழி எஞ்சினுக்குள் தண்ணீர் கசியாமல் தடுக்கும் ஹெட் கேஸ்கெட் மேல் போகும்!

பார்ப்பது சுலபம். இரண்டும் சேரும் இடத்துக்குக் கீழே பூஸ்டரின் பெயிண்ட் உப்பியோ உரிந்தோ இருக்கிறதா? இருந்தால் பாதி பதில் கிடைத்துவிட்டது. அப்புறம் எஞ்சினை நிறுத்தி, பெடலைச் சில முறை மிதித்து வேக்குவத்தைத் தீர்த்துவிட்டு, மாஸ்டர் சிலிண்டரைப் பிடித்திருக்கும் நட்டுகளைக் கழற்றச் சொல்லுங்கள். பல வண்டிகளில் பைப்பைக் கழற்றாமலே கொஞ்சம் முன்னால் இழுக்கலாம், பைப் மடங்காமல் பார்த்துக்கொண்டால் போதும். பின்பக்கம் காய்ந்திருக்க வேண்டும். நனைந்திருந்தால் மாஸ்டர் சிலிண்டரை மாற்ற வேண்டியதுதான். உள்ளே ஆயில் தேங்கி நின்றிருந்தால் பூஸ்டரின் ரப்பரும் கெட்டிருக்கலாம், அதையும் சோதியுங்கள்.

கேள்வி: பின் சக்கரம் டிரம் பிரேக். ராத்திரி முழுக்க நின்ற பிறகுதான் ஆயில் குறைந்த மாதிரி தெரிகிறது. ஓட்டும்போது லீக் ஆகாமல் நிற்கும்போது ஆகுமா?

ஆகும். டிரம்முக்குள் ஷூவை, அதாவது பிரேக் கட்டையைத் தள்ளும் வீல் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் கப்பின் விளிம்பை, நீங்கள் மிதிக்கும் அழுத்தம்தான் சுவரோடு இறுக்கிப் பிடிக்கிறது. மிதிக்காதபோது அந்தப் பிடி தளரும், தேய்ந்த கப் வழியாக ஆயில் கசியும். டிரம்மைக் கழற்றிப் பார்த்தாலும் இது தப்பிவிடலாம். காரணம், முதலில் ஆயில் சேர்வது தூசி மூடும் ரப்பருக்குள். அதன் ஓரத்தை மெல்ல விலக்கிப் பாருங்கள். லேசான ஈரப்பசை பரவாயில்லை, சொட்டாக வழிந்தால் சிலிண்டரை மாற்றுங்கள். ஷூவில் ஆயில் ஊறியிருந்தால் துடைத்து மறுபடி மாட்டாதீர்கள். அதுவும் புதிதாகத்தான், இரண்டு பக்கமும்.

கேள்வி: பின் சக்கரத்தில் ஈரம் இருக்கிறது. ஆக்ஸில் ஆயிலா, பிரேக் ஆயிலா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரு சொட்டைத் தண்ணீரில் விடுங்கள். டாட் 3, டாட் 4 வகை பிரேக் ஆயில் கலந்துவிடும். ஆக்ஸில் ஆயில் மேலே மிதக்கும், முகர்ந்தால் மூக்கைத் துளைக்கும்.

கேள்வி: மேனுவல் கியர் வண்டி. கொஞ்ச நாளாக கிளட்ச்சும் சரியில்லை, கியர் விழ மறுக்கிறது. பிரேக் ஆயிலும் குறைகிறது. சம்பந்தம் உண்டா?

நல்ல கேள்வி, பலர் கேட்க மறப்பது. ஹைட்ராலிக் கிளட்ச் உள்ள பல வண்டிகளில் கிளட்ச்சுக்கும் பிரேக்குக்கும் ஒரே டப்பாதான். கிளட்ச்சை விடுவிக்கும் ஸ்லேவ் சிலிண்டர், கிளட்ச்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங்குக்குள் இருக்கும் மாடல் என்றால் லீக் ஆகும் ஆயில் உள்ளேயே கிடக்கும். எஞ்சினும் கியர் பாக்ஸும் சேரும் இடத்தின் அடிப்பகுதியைத் துடைத்துவிட்டு மறுநாள் பாருங்கள். அப்படியே கிளட்ச் பெடலுக்கு மேலே கையை விட்டுத் தடவுங்கள், கார்ப்பெட்டையும் தூக்கிப் பாருங்கள். கிளட்ச் மாஸ்டர் சிலிண்டர் கசிந்தால் அங்கேதான் இறங்கும்.

கேள்வி: ஆயில் குறையவே இல்லை. ஆனால் சிக்னலில் மிதித்துக்கொண்டு நின்றால் பெடல் மெதுவாகக் கீழே போகிறது.

மாஸ்டர் சிலிண்டருக்குள்ளேயே சீலைத் தாண்டி ஆயில் பின்வாங்கியிருக்கலாம். வெளியே போகாததால் அளவு குறையாது. ஓட்டாதீர்கள்.

கேள்வி: பின்னால் போகும் இரும்பு பைப் கிளிப்புக்கு அடியில் துருப்பிடித்துக் கசிகிறது. அந்த இடத்தை மட்டும் வெட்டி ரப்பர் ஓஸ் போட்டு கிளாம்ப் இறுக்கலாமா?

கூடவே கூடாது. டயரில் இருப்பது 2 பார் சொச்சம். பிரேக்கை ஓங்கி மிதித்தால் பைப்புக்குள் 100 பார் வரை ஏறக்கூடும். சாதாரண ஓஸ் பிய்த்துக்கொண்டு போகும், அதுவும் நீங்கள் அவசரமாக மிதிக்கும் அந்த நேரத்தில். பைப்பையே மாற்றுங்கள்.

கேள்வி: வேலை முடிந்த பிறகு, லீக் நின்றுவிட்டது என்று எப்படி உறுதி செய்வது?

பைப்பில் புகுந்த காற்றை வெளியேற்றி, அதாவது ஏர் எடுத்து முடித்ததும் எல்லா இணைப்பையும் கழுவிக் காய வையுங்கள், பழைய ஈரம் ஏமாற்றும். எஞ்சின் ஓடும்போது ஒருவர் பெடலை அழுத்திப் பிடிக்கட்டும், நீங்கள் ஒவ்வொரு இணைப்பாகப் பாருங்கள். டப்பாவில் அளவுக்கு நேராக ஒரு டேப் ஒட்டி, வண்டியைச் சமதளத்தில் விட்டு, நான்கு சக்கரத்துக்கும் மாஸ்டர் சிலிண்டருக்கும் அடியில் அட்டை போட்டு ராத்திரி நிறுத்துங்கள். சில நாள் தினமும் டேப்பைப் பாருங்கள், மூடியைத் திறக்காமல். அடிக்கடி திறந்தால் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும்.