முன்பக்கம் எடை கூடிய பிக்கப்புக்கு எத்தனை பவுண்டு ஸ்பிரிங்?

கேள்வி: காட்டுப் பாதைகளில் ஓட்டும் என் பிக்கப்பின் முன்பக்கத்தில் இரும்புப் பம்பரும் வின்ச்சும் பொருத்தியிருக்கிறேன், இரண்டும் சேர்ந்து சுமார் 90 கிலோ. முன்பே போட்டிருந்த காயில்ஓவரில் (ஆட்டத்தை அடக்கும் ஷாக்கைச் சுற்றி ஸ்பிரிங் அமர்ந்த அமைப்பு) 600 பவுண்டு ஸ்பிரிங், அதாவது ஒரு அங்குலம் சுருங்க 600 பவுண்டு சுமை தேவைப்படும் ஸ்பிரிங் இருக்கிறது. இப்போது வண்டியின் முகம் சற்றுத் தாழ்ந்து நிற்பதுடன், பெரிய பள்ளங்களில் 'டமார்' என்று அடிக்கவும் செய்கிறது. ஒரு கடையில் 800 பவுண்டு ஸ்பிரிங் போடச் சொல்கிறார்கள்; இன்னொரு கடையில் ஸ்பிரிங்கின் முனையைத் தாங்கும் திருகு ரிங்கை இறுக்கினாலே போதும் என்கிறார்கள். யார் சொல்வது சரி?

பதில்: 800 வேண்டாம். ரிங்கை இறுக்குவது தவறில்லை என்றாலும், 90 கிலோ நிரந்தரமாக ஏறிவிட்ட வண்டிக்கு 650 பவுண்டு ஸ்பிரிங்தான் பொருத்தம் என்பது என் கணிப்பு. உங்கள் வண்டியின் அளவுகள் கையில் இல்லாததால், நடுத்தர பிக்கப் ஒன்றின் அளவுகளை எடுத்துக்கொண்டு கணக்கைக் காட்டுகிறேன். உங்கள் எண்களை அதே இடங்களில் போட்டுப் பாருங்கள்.

முன் அச்சுக்கு 80 சென்டிமீட்டர் முன்னால் தொங்கும் 90 கிலோ, இரு அச்சுகளுக்கும் இடையே 310 சென்டிமீட்டர் உள்ள வண்டியில், முன் அச்சின் மீது 113 கிலோவாக இறங்கும். பின் அச்சில் 23 கிலோ குறையும். ஆகவே ஒரு சக்கரத்துக்குக் கூடிய சுமை ஏறத்தாழ 57 கிலோ. எடை மேடையில் முன் அச்சை மட்டும் நிறுத்தி எடுத்த எடையைப் பாதியாக்கி, அதிலிருந்து சக்கரம், டயர், பிரேக் போன்று ஸ்பிரிங்கின் மீது உட்காராத பாகங்களின் எடையைக் கழித்தால், ஸ்பிரிங் தாங்க வேண்டிய எடை கிடைக்கும். நம் எடுத்துக்காட்டில் அது முன்பு 533 கிலோ, இப்போது 590 கிலோ என்று வைத்துக்கொள்வோம்.

அடுத்ததைத்தான் கடைகளில் பெரும்பாலும் கேட்பதில்லை. காயில்ஓவர் சக்கரத்துக்கு நேர் மேலே இல்லாமல், சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் கீழ் ஆர்மின் நடுப்பகுதியில் பொருந்தியிருப்பதால், சக்கரம் 10 சென்டிமீட்டர் ஏறும்போது ஸ்பிரிங் ஏறத்தாழ 6 சென்டிமீட்டர்தான் சுருங்கும். இந்த 0.6 என்ற விகிதத்தை நீங்களே அளக்கலாம்: ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு ஷாக்கை மட்டும் மாட்டி, சக்கரத்தை ஜாக்கியால் 10 சென்டிமீட்டர் உயர்த்தி, ஷாக்கின் இரு போல்ட்டுகளுக்கு இடையிலான நீளம் எவ்வளவு குறைந்தது என்று பார்த்தால் போதும். சக்கரம் உணரும் விறைப்பு இந்த விகிதத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 600 பவுண்டு என்றால் அங்குலத்துக்கு 600 பவுண்டு, அதாவது மில்லிமீட்டருக்கு 10.7 கிலோ, அதை 0.36 ஆல் பெருக்கினால் சக்கரத்தில் கிடைப்பது 3.85 கிலோதான். கூடுதலாக ஏறிய 57 கிலோவுக்கு வண்டி 15 மில்லிமீட்டர் தாழ்ந்ததற்கு இதுவே காரணம்.

அந்த 15 மில்லிமீட்டரை மீட்க ரிங்கை 9 மில்லிமீட்டர் இறுக்கினால் போதும் என்பதால், இரண்டாவது கடைக்காரர் சொன்னதில் உண்மை இருக்கிறது. ஆனால் ரிங் உயரத்தை மட்டுமே மாற்றும், ஸ்பிரிங்கின் விறைப்பை மாற்றாது. கூடிய எடையைப் பழைய விறைப்பே சுமக்கும். எடை கூடிய அதே விகிதத்தில் விறைப்பையும் கூட்டினால்தான் வண்டி முன்பு போலவே ஆடி அடங்கும். 590-ஐ 533 ஆல் வகுத்தால் 1.107, அதை 600 ஆல் பெருக்கினால் 664. கடையில் கிடைக்கும் அளவுகளில் அதற்கு மிக அருகில் இருப்பது 650.

800 போட்டால் வண்டி நிமிர்ந்து நிற்கும் என்பது உண்மைதான். ஆனால் எடை பத்து சதவீதம் கூடியதற்கு விறைப்பை 33 சதவீதம் கூட்டினால், சிறு கற்களிலெல்லாம் முன்பக்கம் உதறும். பள்ளத்தில் சக்கரம் கீழே இறங்கி மண்ணைப் பிடிக்கச் சோம்பும். 600-க்கு ஏற்ப வால்வு (உள்ளே எண்ணெய் ஓடும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பாகம்) அமைத்த ஷாக், அமுங்கிய ஸ்பிரிங் திரும்பி எழும் வேகத்தை அடக்க முடியாமல் திணறும். பெரிய பள்ளத்தில் அடிப்பதைத் தடுப்பது முதன்மையாக ஷாக்கின் வால்வும், பயணத்தின் முடிவில் மோதலைத் தாங்கும் ரப்பரான பம்ப் ஸ்டாப்பும் செய்ய வேண்டிய வேலை. அந்த வேலையை ஸ்பிரிங்கின் தலையில் கட்டுவது இத்துறையில் ஊறிப்போன பழக்கம். எதையும் வாங்குவதற்கு முன் பம்ப் ஸ்டாப் ரப்பரைப் பாருங்கள். அது பிய்ந்தோ இறுகியோ போயிருந்தால், சத்தத்துக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். ஷாக்கின் பளபளப்பான தண்டு வெளியே தெரியும் வகையாக இருந்தால், அதில் ஒரு கேபிள் டையைத் தளராமல் மாட்டி, வழக்கமான பாதையில் ஓட்டிவிட்டு வந்து, அது எதுவரை தள்ளப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். மிக மோசமான ஓரிரு இடங்களில் மட்டும் ஷாக்கின் முழுப் பயணமும் (தண்டு உள்ளே போகக்கூடிய தூரம்) செலவாகியிருந்தால், அது குறை அல்ல.

கேள்வி: ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு ஸ்பிரிங் வைத்தால் மென்மையும் கிடைக்கும், விறைப்பும் கிடைக்கும் என்கிறார்களே?

பதில்: கிடைக்கும், பயணம் நீளமாக உள்ள பந்தய வண்டிகளில். 400-ம் 600-ம் ஒன்றன் மேல் ஒன்றாக அமர்ந்தால் தொடக்கத்தில் வண்டி உணர்வது 240 பவுண்டு. இரண்டுக்கும் இடையில் நகரும் வளையமான ஸ்லைடர், தடுப்பு வளையத்தில் முட்டிய பிறகு 600. உங்கள் பிக்கப்பின் முன்பக்க ஷாக்கில் இந்த இரு கட்டங்களும் விரிய இடம் போதாது. அந்தப் பணத்தை ஷாக்கின் வால்வைச் சரிசெய்யச் செலவிடுங்கள்.

கேள்வி: 650 வாங்கும்போது எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

பதில்: பழைய ஸ்பிரிங்கின் மீது நீளம், உள்விட்டம், ரேட் (விறைப்பு) ஆகிய மூன்று எண்கள் பெரும்பாலும் அச்சிடப்பட்டிருக்கும். முதல் இரண்டும் அப்படியே இருக்க, மூன்றாவது மட்டும் மாற வேண்டும். ஸ்பிரிங் எத்தனை மில்லிமீட்டர் வரை சுருங்கலாம் என்ற தயாரிப்பாளரின் அளவைக் கேட்டு வாங்குங்கள். ரிங்கை இறுக்கிய அளவும் ஷாக்கின் முழுப் பயணமும் சேர்ந்து அதைத் தாண்டினால், சுருள்கள் ஒன்றோடொன்று முட்டி ஸ்பிரிங்கும் ஷாக்கும் கெடும். முன்பக்கம் இரண்டையும் ஜோடியாகவே மாற்றுங்கள். பொருத்திப் பார்த்த ஸ்பிரிங்கை வேறு ரேட்டுக்கு மாற்றித் தருவார்களா என்பதைப் பணம் கட்டும் முன்பே ரசீதில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பல கடைகள், ரிங் பதிந்த தடம் தெரிந்தாலே திரும்ப எடுப்பதில்லை. அழுத்தத்தில் இருக்கும் ஸ்பிரிங் நழுவினால் உயிருக்கே ஆபத்து என்பதால், மாற்றும் வேலையை ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கும் ஸ்பிரிங் கம்ப்ரெஸர் வைத்திருக்கும் பட்டறையிலேயே கொடுங்கள். மாற்றியதும் சக்கர அலைன்மென்டையும் பார்க்கச் சொல்லுங்கள்.