பட்டை தெரியாவிட்டால் தொற்று இல்லை என்று அர்த்தமா?

கேள்வி: வெளியே பிடித்த எட்டுப் பூச்சிகளில் வோல்பாக்கியா பாக்டீரியா இருக்கிறதா என்று எங்கள் வகுப்பில் பிசிஆர் (டிஎன்ஏவின் ஒரு துண்டை மட்டும் பல மடங்கு பெருக்கும் முறை) செய்து பார்த்தோம். டிஎன்ஏ துண்டுகளை நீளவாரியாகப் பிரித்துப் பட்டைகளாகக் காட்டும் ஜெல்லில் ஒன்றுக்குக்கூடப் பட்டை தெரியவில்லை. 'தொற்று இல்லை' என்று அறிக்கை எழுதிவிடலாமா?

பதில்: எழுதாதீர்கள், கொஞ்சம் பொறுங்கள். பூச்சியில் பாக்டீரியா இல்லாவிட்டாலும் பட்டை வராது, நீங்கள் பிரித்தெடுத்ததில் டிஎன்ஏவே தேறவில்லை என்றாலும் வராது, ஜெல்லைப் பார்த்து எது என்று சொல்லவே முடியாது. அதற்காகத்தான் அதே டிஎன்ஏ மாதிரியில் பூச்சியின் சொந்த மரபணுவான சிஓ1-ஐயும் பெருக்கிப் பார்க்க வேண்டும். மாணவர்கள் வழக்கமாகச் செய்யும் முறையில் அது சுமார் 700 கார இணை (டிஎன்ஏ நீளத்தின் அலகு) நீளத்தில் மேலே நிற்கும், வோல்பாக்கியாவின் 16எஸ் என்ற மரபணுத் துண்டு 438 கார இணையில் அதற்குக் கீழே வரும். மேல் பட்டை வந்து கீழ்ப் பட்டை வரவில்லையா, அப்போது 'காணப்படவில்லை' என்று தைரியமாக எழுதலாம். இரண்டுமே இல்லையென்றால் அந்தப் பூச்சியைப் பற்றி உங்களுக்கு இன்னும் எதுவும் தெரியாது, அவ்வளவுதான். தொற்று உள்ளது என்று ஏற்கெனவே தெரிந்த பூச்சியின் டிஎன்ஏ ஒன்றும், வெறும் தண்ணீர் ஒன்றும் கூடவே ஓட வேண்டும். தண்ணீரில் பட்டை வந்தால் எங்கோ கலப்படம் நடந்திருக்கிறது.

எட்டிலும் சிஓ1 வரவில்லை என்றால் என் சந்தேகம் முதலில் பூச்சியை வைத்திருந்த விதத்தின் மேல்தான். பிடித்த உடனே 95 சதவீத எத்தனாலில் போட்டீர்களா? நீர்த்த ஸ்பிரிட்டில் கிடந்தால் டிஎன்ஏ சிதைந்துவிடும். அப்புறம், எந்தப் பாகத்தை அரைத்தீர்கள் என்பதும் முக்கியம். இந்த பாக்டீரியா அண்டகத்திலும் விந்தகத்திலும்தான் அதிகம் குடியிருக்கும், அதனால் வயிற்றுப் பகுதியை எடுங்கள். பெரிய பூச்சியை முழுசாக அரைத்துப் போட்டால் அதன் உடல் பொருட்களே பிசிஆரைத் தடுத்துவிடும்.

இன்னொன்று. பூச்சி இனங்களில் ஏறக்குறைய பாதியில் வோல்பாக்கியா இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள், ஆனால் ஓர் இனத்தில் அது உண்டு என்றால் அந்த இனத்தின் எல்லாப் பூச்சியிலும் இருக்கும் என்பதில்லை. அதனால் ஒரு பூச்சியை வைத்து அந்த இனத்துக்கே தீர்ப்பு எழுதிவிடாதீர்கள்.

கேள்வி: தொற்றுள்ள பூச்சியைத் தொட்டால் எங்களுக்கும் தொற்றுமா?

பதில்: தொற்றாது. 1924-இல் ஹெர்ட்டிக், வோல்பாக் என்ற ஆய்வாளர்கள் இதை முதலில் பார்த்ததே கியூலெக்ஸ் கொசுவில்தான், அந்தக் கொசு காலங்காலமாக மனிதர்களைக் கடித்துக்கொண்டுதான் இருக்கிறது. வோல்பாக்கியா பூச்சியின் செல்லுக்குள் வாழ்ந்து, முட்டை வழியாகத் தாயிடமிருந்து குஞ்சுக்குப் போகிறது. ஆனாலும் கையுறை போடுங்கள்: ஜெல்லில் சேர்க்கும் சாயம் கையில் படக்கூடாது, உங்கள் கையில் இருப்பதும் மாதிரியில் கலக்கக்கூடாது.