எலி போட்ட ஓட்டையா, பிளம்பர் போட்ட ஓட்டையா?

கேள்வி: தாம்பரம் பக்கம் தனி வீடு, தரைத்தளம் மட்டும். கட்டி 20 வருடம் ஆகிறது. பின்னால் புதர் மண்டிய காலி மனை. மூன்று மாதமாக எலித் தொல்லை. சமையலறை சிங்க்குக்குக் கீழே பைப் சுவருக்குள் போகும் இடத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது. முதலில் துணியை அடைத்தோம், இழுத்துப் போட்டுவிட்டது. சிமென்ட் பூசினோம், இரண்டே நாளில் பறித்துவிட்டது. கடையில் ஸ்ப்ரே ஃபோம் அடிக்கச் சொல்கிறார்கள். அடிக்கலாமா? மருந்து வைத்துக் கொன்றுவிட்டு அடைப்பதா, அடைத்துவிட்டு மருந்து வைப்பதா? வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறது.

பதில்: ஃபோம் வேண்டாம். காற்று, கரப்பான், பல்லி இதையெல்லாம் அது தடுக்கும். எலி ஒரே ராத்திரியில் அதைக் குடைந்துகொண்டு வந்துவிடும். சிலிகான், பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ், தெர்மாகோல், மரத்துண்டு எல்லாமே அதே கதிதான். எலியின் முன்பற்கள் ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருப்பவை. பல் இறங்கும் அளவுக்கு மெத்தென்று இருக்கும் எந்தப் பொருளும் அதன் முன் நிற்காது.

சிமென்ட் நிற்கும். உங்கள் வீட்டில் ஏன் நிற்கவில்லை என்றால், பூசியது வெறும் மேல்தோல். சிங்க் அடியில் இருக்கும் சுவர் எண்ணெய்ப் பிசுக்கும் பழைய பெயின்ட்டுமாக இருக்கும், கலவை அதில் ஒட்டாது. பின்னால் 9 அங்குலச் சுவருக்குள் பிளம்பர் உளியால் கொத்திய பொந்து அப்படியே காலியாகக் கிடக்கிறது. சாயங்காலம் பூசியிருந்தால், கலவை இறுகுவதற்கு முன்பே எலி வேலைக்கு வந்துவிட்டது. அதைவிட முக்கியமாக, நீங்கள் அடைத்தது வீட்டுக்குள் தெரியும் வாயை மட்டும். வெளிவாய் திறந்தே இருக்கிறது. எலி பொந்துக்குள் சௌகரியமாக உட்கார்ந்து, உள்ளிருந்து தள்ளுகிறது.

எலி தொல்லை என்றதும் எல்லோரும் எலி தோண்டிய ஓட்டையைத் தேடுகிறார்கள். நம்மூர் வீடுகளில் பெரும்பாலான வழிகளைத் திறந்து வைத்தது பிளம்பர், எலக்ட்ரீஷியன், ஏசி மாட்ட வந்தவர், கேபிள் இழுத்தவர். இரண்டு அங்குல பைப்புக்கு நாலு அங்குலத்துக்குக் கொத்திவிட்டு, சுற்றியுள்ள இடைவெளியைச் சும்மா விட்டுப் போவார்கள். அதனால் எலியைத் தேடாமல், வீட்டுக்குள் வரும் ஒவ்வொரு பைப்பையும் ஒயரையும் வெளியிலிருந்து பின்தொடர்ந்து பாருங்கள்.

அளவு தெரிந்தால் தேடுவது சுலபம். பென்சில் நுழையும் சந்தில் சுண்டெலி நுழையும். ஆள்காட்டி விரல் நுழைந்தால் எலிக்குஞ்சு வரும். 1 ரூபாய் நாணயம் நுழைந்தால் வளர்ந்த வீட்டெலியே வரும். புழுக்கையைப் பார்த்து ஆளைக் கண்டுபிடிக்கலாம்: அரிசி அளவில், முனை கூராக இருந்தால் சுண்டெலி. ஒரு சென்டிமீட்டருக்கு மேல் நீளமாக இருந்தால் வீட்டெலி. இது மேலே ஏறும் ஜாதி, மரக்கிளை, கேபிள், பைப் வழியாக மொட்டை மாடிக்கு வரும். சுவரோரம் வெளியே மண்ணைக் குவித்துப் பெரிய வளை தோண்டியிருந்தால் பெருச்சாளி. கீச்சிட்டுக்கொண்டு சுவரோரமாகவே ஓடும், நீண்ட மூக்குள்ள மூஞ்சூறு எலியே இல்லை. அது பூச்சி தின்னும் பிராணி, ஒயரைக் கடிப்பது அதன் வேலையல்ல.

நடுப்பகலில் ஜன்னல்களைச் சாத்தி, விளக்கை அணைத்துவிட்டு ஒவ்வோர் அறையிலும் தரையோடு குனிந்து பாருங்கள். எங்கெல்லாம் வெளிச்சக் கீற்று தெரிகிறதோ அதெல்லாம் வழி. அடிக்கடி போய்வரும் ஓட்டையின் ஓரத்தில் எலியின் உடம்பு உரசிக் கறுப்பாகப் பிசுக்குப் பிடித்திருக்கும். சந்தேகமான இடத்தில் செய்தித்தாளைக் கசக்கி அடைத்து வையுங்கள். காலையில் வெளியே கிடந்தால் அந்த வழி புழக்கத்தில் இருக்கிறது. ராத்திரி படுக்கும்முன் கல் கோலமாவைச் சுவரோரமாகத் தூவிவிட்டால் கால்தடமும் வால் இழுத்த கோடும் தெரியும். குழந்தை எழுவதற்கு முன் துடைத்துவிடுங்கள்.

இனி உங்கள் சிங்க். அடியில் நெளி பைப், அதாவது அந்த வெள்ளை ஸ்பிரிங் மாதிரியான டியூப், சுவரிலோ தரையிலோ உள்ள பெரிய பைப்புக்குள் சும்மா செருகி வைத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 20 வருட வீடுகளில் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். அப்படியென்றால் சாக்கடையிலிருந்து உங்கள் சமையலறைக்கு மூடியில்லாத ஒரு சுரங்கப்பாதை இருக்கிறது. சுவரை எவ்வளவு அடைத்தாலும் பிரயோஜனமில்லை. பிளம்பரைக் கூப்பிட்டு நெளி பைப்பை எடுத்துவிட்டு, பாட்டில் ட்ராப்போடு (சிங்க் அடியில் மாட்டும், தண்ணீர் தேங்கி நிற்கும் குப்பி) கட்டியான பிவிசி பைப்பைக் கடைசி வரை பசை போட்டு இணைக்கச் சொல்லுங்கள். ரப்பர் வாஷரை நம்ப வேண்டாம், கடித்துவிடும். வெளியே அந்த பைப் போய் விழும் சேம்பரின் மூடி உடைந்திருந்தால் அதையும் மாற்றுங்கள். வாஷிங் மெஷின் டியூபுக்கும் இதே வைத்தியம். பாத்ரூம் ஜாலி சும்மா தூக்கினால் வருகிறதா? ஸ்குரூ போட்டு இறுக்கும் ஸ்டீல் ஜாலியாக மாற்றிவிடுங்கள். தண்ணீர் நிற்கும் ட்ராப் நாற்றத்தைத்தான் தடுக்கும். எலி நன்றாக நீந்தும்.

பைப்பைச் சரிசெய்தபின் சுவர் ஓட்டை. காலை எட்டு, ஒன்பது மணிக்கே ஆரம்பித்துவிடுங்கள், பகல் முழுக்க இறுக நேரம் கிடைக்கும். முதலில் வெளிப்பக்கம். பழைய துணி, உதிரும் காரை எல்லாவற்றையும் ஸ்குரூ டிரைவரால் சுரண்டி எடுத்து, பிசுக்கைச் சோப்புத் தண்ணீரால் கழுவுங்கள். பாத்திரம் தேய்க்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் நாரை, அந்தச் சுருள் சுருளான வகையை, பிரித்து நீளமாக்கி பைப்பைச் சுற்றி நெருக்கித் திணியுங்கள். விரலால் இழுத்தால் வரக்கூடாது. ஒன்று போதாது, பொந்து ஆழமாக இருந்தால் நாலைந்து நார் போகும். பிறகு ஓரத்தை நனைத்து, ஒரு பங்கு சிமென்ட்டுக்கு மூன்று பங்கு மணல் என்று கெட்டியாகக் கலந்து, கலவை கம்பிக்குள் ஏறும்படி அழுத்திப் பூசுங்கள். கரண்டியால் தடவுவதைவிடக் கையுறை போட்டுக் கட்டைவிரலால் அமுக்குவது மேல். அடுத்த நாலைந்து நாள் தண்ணீர் தெளித்து வாருங்கள். மேல்பூச்சைப் பறித்தாலும் கம்பி வாயில் குத்தும். எலி அங்கேயே நின்றுவிடும். சாதாரண இரும்பு நார் வேண்டாம், சென்னைக் காற்றில் சீக்கிரமே துருவாகிவிடும்.

ஒயர் போகும் சின்ன ஓட்டைகளுக்கு எம்-சீல் போதும், அதுவும் கொஞ்சம் கம்பி நார் வைத்து. ஏசி பைப்பைச் சுற்றி வெள்ளையாக மாவு மாதிரி ஒன்றை அப்பியிருப்பார்களே, அதைப் பிய்த்துவிட்டு இதே முறையில் அடையுங்கள். இன்சுலேஷன் நசுங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பாத்ரூம் வென்டிலேட்டர், எக்ஸாஸ்ட் ஃபேன் துவாரம் போன்ற பெரிய திறப்புகளுக்கு ஹார்டுவேர் கடையில் கால் அங்குலக் கட்டமுள்ள, துத்தநாகம் பூசிய வெல்டு மெஷ், அதாவது பற்றவைத்த கம்பிவலை, என்று கேளுங்கள். கோழிவலையின் கண்ணில் சுண்டெலி தாராளமாக நுழையும். நைலான் கொசுவலை எலிக்கு ஒரு கடி.

ஒன்றை மட்டும் அடைக்கக் கூடாது. சிலிண்டர் இருக்கும் இடத்தில் தரையோரமாகக் காற்றுத் துவாரம் இருந்தால் அதில் மெஷ் மட்டும்தான் அடிக்க வேண்டும். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடுதான் தேங்கும். கையோடு கேஸ் டியூபையும் தடவிப் பாருங்கள். பல் பட்ட தடம் இருந்தால் அன்றைக்கே மாற்றுங்கள். உள்ளே கம்பிப் பின்னல் உள்ள டியூபாக வாங்குங்கள்.

கதவு. பின்வாசல் கதவுக்கு அடியில் பென்சில் உருளும் இடைவெளி இருந்தால், கதவின் அடிப்பகுதியில் அலுமினியப் பட்டை அடியுங்கள். மூலையைக் கொறித்திருந்தால் தகடு வைத்து மூட வேண்டும். மொட்டை மாடிக் கதவை எல்லோரும் மறந்துவிடுவார்கள். மாடியைத் தொடும் மரக்கிளையை ஒரு மீட்டராவது தள்ளி வெட்டுங்கள். தென்னை இருந்தால் தோப்புக்காரர்கள் செய்வதுபோல ஆளுயரத்துக்கு மேல் மரத்தைச் சுற்றித் தகரம் அடிக்கலாம். ஆனால் மட்டை மாடியைத் தொட்டுக்கொண்டிருந்தால் தகரமும் வீண்.

காலி மனைப் பக்கம் சுவரோரத்தில் பெருச்சாளி வளை இருந்தால் கண்ணாடிச் சில்லைப் போட்டு மூடுவது நம்மூர் வழக்கம். சிமென்ட் ஜல்லியோடு கலந்து போட்டால் பலன் உண்டு. வெறும் சில்லையும் மண்ணையும் போட்டால் பக்கத்திலேயே புது வளை தோண்டும். நாளைக்கு அங்கே மண்வெட்டி போடுகிறவர் காலில்தான் குத்தும். எனக்குக் கண்ணாடியைவிட வெல்டு மெஷ்மேல்தான் நம்பிக்கை. சுவரை ஒட்டி இரண்டடி அகலத்துக்கு மெஷ் விரித்து, மேலே கான்கிரீட் போட்டுவிட்டால் அந்தப் பக்கத்துக் கவலை விட்டது.

இப்போது மருந்து. குழந்தை இருக்கும் வீட்டில் வேண்டவே வேண்டாம். 2024 நவம்பரில் குன்றத்தூர் அருகே ஒரு வீட்டில் எலிக்காக வைத்த மருந்தின் நெடியால், ஏசி அறையில் தூங்கிய 2 குழந்தைகள் இறந்தது நினைவிருக்கும். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலி பேஸ்ட் கல்லீரலையே சிதைக்கும், முறிவு மருந்து கிடையாது. தமிழ்நாட்டில் அதற்குத் தடை உண்டு. எங்காவது விற்றாலும் வாங்காதீர்கள். ஆபத்து ஒருபக்கம் இருக்கட்டும்; மருந்து தின்ற எலி நீங்கள் அடைத்த பொந்துக்குள்ளோ பரணுக்குப் பின்னாலோ போய்ச் செத்தால், ஒரு வாரம் வீட்டில் இருக்க முடியாது.

அதனால் கொல்வதா, அடைப்பதா என்று யோசிக்காமல் இரண்டையும் சேர்த்தே செய்யுங்கள். வெளியே உள்ள வழிகளையெல்லாம் ஒரே நாளில் அடைத்துவிட்டு, எலி அதிகம் புழங்கும் ஒன்றை மட்டும் விட்டு, அதில் கசக்கிய செய்தித்தாளை வையுங்கள். உள்ளே சுவரோரமாக எலிக்கூண்டோ பொறியோ வையுங்கள். எலி சுவரை உரசிக்கொண்டுதான் ஓடும், நடுக்கூடத்தில் வைத்தால் சிக்காது. வீட்டெலி புதுப்பொருளைக் கண்டால் ஒதுங்கும். முதல் இரண்டு மூன்று ராத்திரி கூண்டைத் திறந்தே வைத்து, வடையையோ சுட்ட தேங்காய்ச் சில்லையோ சும்மா தின்ன விடுங்கள். அப்புறம் கொக்கியை மாட்டுங்கள். இரையை நூலால் கட்டிவிட்டால் பறித்துக்கொண்டு ஓட முடியாது. தொடர்ந்து நாலு ராத்திரி தாளும் அசையவில்லை, கோலமாவிலும் தடமில்லை என்றால் கடைசி ஓட்டையையும் அடைத்துவிடலாம். பசை அட்டையை நான் சிபாரிசு செய்வதில்லை. எலி மணிக்கணக்கில் உயிரோடு துடிக்கும். குழந்தையின் கையும் அதில் ஒட்டும்.

எல்லாம் முடிந்ததும் புழுக்கையை விளக்குமாறால் பெருக்காதீர்கள், தூசி பறந்து மூக்கில் ஏறும். ஒரு பங்கு ப்ளீச்சிங் திரவத்துக்கு ஒன்பது பங்கு தண்ணீர் சேர்த்துத் தெளித்து, பத்து நிமிடம் ஊறவிட்டு, கையுறையோடு பழைய துணியால் துடைத்தெடுங்கள். எலியின் சிறுநீரால் எலிக்காய்ச்சல் வரும். அடுத்த சில வாரங்களில் வீட்டில் யாருக்காவது கடும் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண்சிவப்பும் வந்தால், வீட்டில் எலி இருந்தது என்பதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.