வால்வு மாற்றியவரின் சூத்தைப்பல்லைப் பிடுங்கலாமா?

துணுக்காயிலிருந்து எழுதியிருக்கும் வாசகிக்கு,

இதயத்தில் உலோக வால்வு பொருத்தப்பட்டு, இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்தைக் குடித்துவரும் உங்கள் அம்மாவின் சூத்தைப்பல்லைப் பிடுங்கினால் அவர் உயிருக்கே ஆபத்தாகிவிடுமா என்பதுதான் உங்கள் நீண்ட கடிதத்தின் அடியில் உள்ள பயம். பிடுங்கலாம், பிடுங்கத்தான் வேண்டும். ஆனால் அதற்கு முன், கடிதத்தின் நடுவில் நீங்கள் ஒரே வரியில் எழுதிக் கடந்துபோன விடயத்தைப் பேசியாக வேண்டும். மூன்று கிழமையாக அம்மாவுக்கு மாலையில் இலேசாகக் காய்கிறது, இரவில் வியர்க்கிறது. மருந்துக்கடையில் வாங்கிய அமொக்சிசிலின் என்ற அன்ரிபயோட்டிக் குளிசையை ஐந்து நாள் கொடுத்தபோது காய்ச்சல் விட்டது, நிறுத்தியதும் திரும்பிவிட்டது. அறுவடைக் களைப்பாக இருக்கும் என்று நினைத்தீர்கள். செயற்கை வால்வு உள்ள ஒருவருக்கு இப்படி விட்டு விட்டு வரும் காய்ச்சலைக் களைப்பென்று எண்ணவே கூடாது. இதைப் படிக்கும் நாளில் காய்ச்சல் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அன்றே அம்மாவைக் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டப் பொது வைத்தியசாலைகளில் உங்களுக்கு வசதியான ஒன்றுக்குக் கூட்டிச் செல்லுங்கள்.

நான் அஞ்சுவது வால்வில் தொற்று ஏற்பட்டிருக்குமோ என்பதைத்தான். சூத்தை பிடித்த பல்லின் வேரடியிலும் வீங்கிய முரசிலும் ஸ்ட்ரெப்டோகொக்கஸ் வகைப் பற்றீரியாக்கள் கூட்டமாக வாழ்கின்றன. பல் துலக்கும்போதும், ஏன், சோற்றை மென்று சாப்பிடும்போதுகூட, அவற்றில் சில இரத்தத்துக்குள் நுழைகின்றன. வால்வுகள் பழுதில்லாத ஒருவரின் உடல் அவற்றைச் சிறிது நேரத்திலேயே அழித்துவிடுவதால் அவருக்கு எதுவும் தெரிவதில்லை. செயற்கை வால்விலோ, கிணற்றுக் கட்டில் பாசி பிடிப்பதுபோல், அவை ஒட்டிக்கொண்டு மெல்ல மெல்லப் பெருகக்கூடும். வாயிலிருந்து வரும் இந்தப் பற்றீரியாக்கள் பெரும்பாலும் ஆரவாரமின்றியே வேலை செய்வதால், கடும் காய்ச்சலோ நடுக்கமோ இல்லாமல் மாலைச் சூடு, இரவு வியர்வை, பசியின்மை, மெலிவு, சோர்வு என்றே கிழமைகள் கழிந்துவிடுகின்றன. அதற்குள் வால்வு பழுதடையலாம், அல்லது அதிலிருந்து உடைந்த துணுக்கொன்று மூளைக்குச் சென்று பாரிசவாதத்தை உண்டாக்கலாம்.

இதைக் கண்டுபிடிக்க உதவும் முக்கியமான பரிசோதனை, இரத்தத்தை எடுத்து அதில் பற்றீரியா வளர்கிறதா என்று பார்ப்பதாகும். வைத்தியசாலையில் இதைப் பிளட் கல்ச்சர் என்பார்கள். வெவ்வேறு இடங்களில் ஊசி குத்தி, பொதுவாக மூன்று தடவை இரத்தம் எடுக்க வேண்டும். அன்ரிபயோட்டிக் கொடுப்பதற்கு முன்பே எடுக்க வேண்டும். நீங்கள் கொடுத்த ஐந்து நாள் அமொக்சிசிலின் நோயைக் குணமாக்கவில்லை, பற்றீரியாவை மறைத்து வைத்திருக்கக்கூடும். வால்வுத் தொற்றாக இருந்தால் அதற்கு வைத்தியசாலையில் தங்கி ஏறத்தாழ ஆறு கிழமைகள் இரத்த நாளம் வழியாக மருந்து ஏற்ற வேண்டியிருக்கும். கடையில் வாங்கிய குளிசைகளால் அது ஒருபோதும் தீராது. ஆகவே இனி கடையில் வாங்கும் அன்ரிபயோட்டிக் குளிசை ஒன்றும் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே கொடுத்ததையும், எந்தத் திகதி வரை கொடுத்தீர்கள் என்பதையும் மறைக்காமல் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

சொல்லும் முறையும் முக்கியம். வயல் வேலை செய்யும் ஒருவர் காய்ச்சலோடு வந்தால், நம் பகுதி வைத்தியருக்கு எலிக்காய்ச்சலும் டெங்குவும்தான் முதலில் நினைவுக்கு வரும்; அது நியாயமும்கூட. மலேரியாவை அவ்வளவாக நினைக்க வேண்டியதில்லை, 2016ஆம் ஆண்டிலேயே இலங்கை மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனம் சான்றளித்துவிட்டது. எனவே காய்ச்சல் என்று தொடங்காமல், “அம்மாவுக்கு வால்வு மாற்றியிருக்கிறது, மூன்று கிழமையாகக் காய்ச்சல், சூத்தைப்பல்லும் இருக்கிறது” என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லி, கிளினிக் கொப்பியைக் கையில் கொடுங்கள்.

பல்வலி வரும் ஒவ்வொரு முறையும் கடைக்காரரிடம் கேட்டு மருந்து வாங்குவது எனக்கு உண்மையாகவே கோபத்தை உண்டாக்குகிறது. அப்படி வாங்கியதாக நீங்கள் எழுதியிருக்கும் மெற்றோனிடசோல் என்ற அன்ரிபயோட்டிக் வார்ஃபரினின் வேகத்தைக் கூட்டி இரத்தப்போக்கை வரவழைக்கலாம். டைக்குளோபெனாக், புரூபன் போன்ற வலிக் குளிசைகள் வார்ஃபரினோடு சேர்ந்தால் வயிற்றில் இரத்தம் கசியலாம். அம்மாவின் முரசால் இரத்தம் வடிவது முரசு நோயாலாக இருக்கலாம். வார்ஃபரின் அளவு மிஞ்சியதாலும் இருக்கலாம். இரத்தம் உறைய எவ்வளவு நேரமெடுக்கிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனையைப் பார்க்காமல் அதைச் சொல்ல முடியாது. வைத்தியசாலைக்குப் போகும் அன்றே அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

இனி பல்லுக்கு வருவோம். வால்வில் தொற்று உறுதியானால், பல்லை எப்போது எடுப்பதென்று அங்குள்ள இதய வைத்தியரும் பல் வைத்தியரும் சேர்ந்து முடிவெடுப்பார்கள். தொற்று இல்லையென்று தெரிந்தால், பல்லைப் பிடுங்குவதற்கு முன் வேண்டுமென்று உங்கள் ஊர்ப் பல் வைத்தியர் கேட்ட இதய கிளினிக் கடிதத்தைத் தாமதிக்காமல் வாங்கிக் கொடுங்கள். அவர் உங்களைத் தட்டிக்கழிக்கவில்லை, செய்ய வேண்டியதைத்தான் செய்திருக்கிறார். பல் பிடுங்குவதற்காக வார்ஃபரினை வீட்டிலேயே நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தினால் உலோக வால்வில் இரத்தம் உறைந்து கட்டியாகலாம், அது பல்லில் சிறிது இரத்தம் வடிவதைவிடப் பன்மடங்கு கொடியது. பிடுங்குவதற்கு முதல் நாள் பார்த்த ஐ.என்.ஆர். 4க்குக் கீழே இருந்தால், சாதாரணமாக ஓரிரு பற்களை வார்ஃபரினை நிறுத்தாமலே எடுக்கலாம். துணியை அழுத்திக் கடிக்கவைத்தும் தையல் போட்டும் இரத்தத்தை நிறுத்திவிடுவார்கள். பிடுங்குவதற்கு 30 முதல் 60 நிமிடங்களுக்கு முன் ஒரேயொரு தடவை அன்ரிபயோட்டிக் கொடுப்பார்கள். பெனிசிலின் ஒத்துக்கொள்ளாது என்றால் முன்னரே சொல்லிவிட வேண்டும்.

முன்பு இதயக் கோளாறு உள்ள பலருக்கும் இந்த முன்காப்பு மருந்து கொடுக்கப்பட்டது. 2007இல் அமெரிக்க இதயச் சங்கம், செயற்கை வால்வு உள்ளவர்கள், முன்பு இத்தொற்று வந்தவர்கள், சில வகைப் பிறவி இதயக் குறைபாடு உள்ளவர்கள் போன்ற மிக ஆபத்தான நிலையில் இருப்போருக்கு மட்டுமென அதைச் சுருக்கியது. ஒரு பல்லைப் பிடுங்குவதைவிட, பழுதான வாயோடு நாள்தோறும் மெல்லுவதும் துலக்குவதுமே நீண்ட காலத்தில் அதிகமான பற்றீரியாவை இரத்தத்துக்குள் அனுப்புகின்றன என்பது அதற்கான காரணங்களில் ஒன்று. ஓராண்டாகப் பிடுங்காமல் வைத்திருக்கும் அந்தப் பல்லும் அந்தக் கணக்கில்தான் சேருகிறது.

கடிதத்தில் நீங்கள் கேட்டிருக்கும் மற்றச் சந்தேகங்களுக்கும் வருகிறேன். மேல்வரிசைப் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போகாது. நீங்கள் பார்த்த காணொளி சொன்னதற்கு மாறாக, முரசு நோய் இருப்பவர்களுக்கெல்லாம் மாரடைப்பு வருவதும் இல்லை. 2012இல் அதே சங்கம் ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, இரண்டுக்கும் தொடர்பு தென்பட்டாலும் ஒன்று மற்றதை உண்டாக்குகிறது என்பதற்குச் சான்றில்லை என்றே சொன்னது. புகையிலையும் நீரிழிவும் முரசையும் இதயத்தையும் ஒருசேரக் கெடுக்கின்றன. எண்ணெய் கொப்பளிப்பதால் சூத்தை ஆறாது. அம்மா புகையிலையோடு வெற்றிலை போடுகிறவர் என்றால் அதை அடியோடு நிறுத்துங்கள், அதற்கு இதயத்தைத் தவிர வேறு காரணங்களும் உண்டு.

இடம்பெயர்ந்து திரிந்த ஆண்டுகளில் பல் வைத்தியரைக் காணாமலே காலம் கழிந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கு நீங்களோ அம்மாவோ பொறுப்பல்ல. இனிமேல், பல்வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பல் கிளினிக்குக்குக் கூட்டிச் செல்லுங்கள். காய்ச்சல் வந்தால் பனடோலுக்கு மேல் எதுவும் கொடுக்காமல் வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். பேச்சுக் குழறினாலோ, ஒரு கை கால் தளர்ந்தாலோ, படுக்க முடியாதபடி மூச்சு முட்டினாலோ பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் 1990 இலக்கத்தை அழைத்து அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.